விரத வீட்டில் ஒரு தரை நண்டு

நீங்களெல்லாம் சின்ன வயதில் நாய் வளர்த்திருப்பீர்கள், பூனை வளர்த்திருப்பீர்கள். நம் பழைய வகுப்புக் குழுவில் ஒருத்தி குரங்கு வளர்த்ததாகப் போன வாரம் எழுதியிருந்தாள். நம்புகிறேன், அவள் குணத்துக்குப் பொருந்துகிறது. எங்கள் வீட்டில் வளர்ந்தது நண்டு. சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

கறிக்கு வாங்கும் நண்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஓடு மட்டும் அப்பாவின் உள்ளங்கை அகலம். இரண்டு பக்கமும் உப்பி, கன்னத்தில் வெற்றிலை அடக்கியவர்போல இருக்கும். ஈரமண் நிறம், ஓரங்களில் லேசான ஊதா. இடது கொடுக்கு பெரியது, வலது சின்னது. கால்களில் முரட்டு மயிர். பினாங்குத் தீவில், டத்தோ கிராமாட்டில் நாங்கள் இருந்த வாடகை வீட்டின் பின்கட்டில் அது ஏறக்குறைய ஆறு வாரம் எங்களோடு இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அந்த வருடத் தீபாவளியை நாங்கள் கொண்டாடவில்லை. அதற்கு முந்தைய மாதம் அம்மா தம்பிப் பாப்பாவைக் கொண்டுவர ஆஸ்பத்திரிக்குப் போய், வெறுங்கையோடு திரும்பி வந்தாள். எங்களிடம் யாரும் எதையும் விளக்கவில்லை. தைத்து வைத்திருந்த சின்னச் சட்டைகள் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போயின, டின் அலமாரிக்கு மேலே போனது. அம்மா சமையற்கட்டுப் படியில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கேட்டால் பதில் வரும். "ம்", "இல்ல", "வேணாம்". அதற்கு மேல் வராது. அப்பாவுக்குக் கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில், கணக்கெழுதும் கிராணி வேலை. விடியும் முன் எழுந்து எங்களுக்குச் சமைத்து வைத்துவிட்டு ஃபெர்ரி பிடிக்க ஓடுவார். அவர் வைத்த சாம்பாரைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை, அவர் நல்ல மனிதர்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில், தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் இருக்கும்போது, அப்பா மாலை போட்டுக்கொண்டார். தண்ணீர்மலைக்குக் காவடி எடுப்பதாக வேண்டுதல். எதற்கு என்று அண்ணன் கேட்டான். "அம்மா பழையபடி ஆகணும், அதுக்குத்தான்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லையாம் முருகனிடம்.

அப்பாவின் விரதம் கடுமையானது. வீட்டில் மீன், முட்டை கிடையாது. அவருக்குப் பாய்தான், தலையணை இல்லை. கோபப்படக் கூடாது என்பதால் அண்ணன் அந்த வாரமே இரண்டு கிளாசை உடைத்துப் பார்த்துக்கொண்டான். பொய் பேசக் கூடாது என்பதில் அப்பா இன்னும் கடுமை. பக்கத்து வீட்டு அக்கா பாயாசம் கொண்டுவந்து கொடுத்து, "எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டார். அப்பா ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, ரொம்ப நேரம் யோசித்து, "சர்க்கர போட மறந்துட்டீங்கமா" என்றார். அதன்பிறகு தைப்பூசம் முடியும்வரை அந்த வீட்டிலிருந்து எங்களுக்கு ஒன்றும் வரவில்லை.

மாலை போட்ட மறுநாள் சித்தப்பா வந்தார். நிபோங் திபாலில் ஆற்றோரத்துச் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அண்ணிக்கு உடம்பு தேற நல்லதாக ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று, தோட்டத்து அல்லூர் வாய்க்கால் கரையில் பால் டின் அகலத்துக்கு இருந்த வளைகளைத் தோண்டி, மூன்று பெரிய நண்டுகளைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் வந்து, ஃபெர்ரி ஏறி வந்திருக்கிறார். ஃபெர்ரியில் சாக்கு தானாக நகர்ந்துபோனதில் ஒரு பெஞ்சே காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்ததாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர், அப்பாவின் கழுத்தில் மாலையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"என்னாண்ணே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நேத்துத்தான்டா போட்டேன். சரி, இருக்கட்டும். பூசம் வரைக்கும் வெச்சிருப்போம். அப்புறம் பாத்துக்கலாம்."

வேறு வீட்டுக்குக் கொடுத்திருக்கலாம். ஆனால் விரதம் இருப்பவர் கையால் உயிரைச் சாகக் கொடுப்பதா என்று அப்பாவுக்குத் தயக்கம். பூசத்துக்குப் பிறகு என்றால் மட்டும் எப்படிச் சரியாகும் என்று அண்ணன் கேட்டான். கோபப்படக் கூடாத அப்பா அவனை வெறுமனே பார்த்தார்.

நண்டு என்றால் கடல் பொருள். அப்பா துணி துவைக்கும் பெரிய வாளியை நிரப்பி, இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டுக் கரைத்து, மூன்றையும் உள்ளே விட்டார். குளித்துவிட்டு வந்துதான் செய்தார், அவ்வளவு அக்கறை. விடிந்து பார்த்தால் இரண்டு செத்து மிதந்தன. மூன்றாவதைக் காணவில்லை. அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. மறுபடியும் தலைக்கு ஊற்றிக்கொண்டு சாமி அறைக்குப் போனவர் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

அப்போதுதான் குளியலறைப் பக்கமிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"ஏங்க, இங்க ஒருத்தரு உக்காந்திருக்காரு."

அம்மா தானாகப் பேசி ஆறேழு வாரம் ஆகியிருந்தது. நாங்கள் மூவரும் ஓடினோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஈரச் சுவரில் சாய்ந்தபடி, கண்களை இரண்டு கம்பங்களாக நிமிர்த்திக்கொண்டு, வாயில் நுரை தள்ள அது உட்கார்ந்திருந்தது. அம்மா அதன் முன்னால் குந்தியிருந்தாள். "இவருக்குத் தண்ணி ஆகலங்க. அதான் ஏறி வந்துட்டாரு" என்றாள்.

அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர். இவரு.

பின்வீட்டு மலாய் அம்மா, மக்சிக் என்போம், வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, அது கெத்தாம் டாராட், தரை நண்டு, தண்ணீரிலேயே கிடந்தால் செத்துவிடும், மண்ணில் வளை தோண்டி இருக்கும் என்று மலாயில் சொன்னார். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளி நூலகத்தில் ஏதோ புத்தகத்தில் படித்திருந்தான். தென்னை மரம் ஏறித் தேங்காயை உடைத்துத் தின்னும் பெரிய நண்டு ஒன்று உண்டு, இது அதுதான் என்றான். முனை வீட்டுத் தென்னைக்குக் கீழே கொண்டுபோய் விட்டுப் பரீட்சை வைத்தோம். தெருப் பிள்ளைகள் எல்லாரும் கூடிவிட்டார்கள். இவர் மரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பக்கவாட்டில் நடந்து ஒரு சைக்கிளுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டார். எடுக்கப் போன அண்ணனின் சாரோங்கை ஒரு கொடுக்கால் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பிள்ளைகள் முன்னால் அவன் சாரோங்கைக் காப்பாற்றிக்கொண்டு வீடு வந்தது தனிக் கதை. நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருந்த "தென்னை நண்டு" என்பதை அடித்துவிட்டு "பெயர் தெரியவில்லை" என்று எழுதினான்.

அப்பா ஒரு தகரப் பீப்பாயைப் பாதியாக வெட்டி வாங்கி வந்தார். தோங் என்போமே, அதுதான். அதில் மண்ணை நிரப்பி, தண்ணீர் தெளித்து, ஒரு மூடியில் நல்ல தண்ணீர் வைத்தோம். இவர் ஒரே நாளில் வளை தோண்டிவிட்டார். கொடுக்கில் மண்ணை அணைத்துக்கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டு மறுபடி உள்ளே போவார். காய்ந்த ஜம்பு இலை, பப்பாளித் தோல், கீரைத் தண்டு, பூசைக்கு வைத்த வாழைப்பழம், தேங்காய்ப்பூ எல்லாம் சாப்பிடுவார். சின்னக் கொடுக்கால் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோவார், பெரிய கொடுக்கை மடியில் வைத்திருப்பார். பக்கத்தில் காது வைத்தால் மெல்லிய நறநறப்புக் கேட்கும். ஈரமண்ணும் பழமும் கலந்த அந்தத் தோங்கின் வாசனையை இப்போது நினைத்தாலும் என் மூக்குக்கு வருகிறது.

அம்மா முக்காலியைத் தூக்கிக்கொண்டு தோங்கின் பக்கத்துக்கு வந்துவிட்டாள். முதலில் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தண்டு கொடுக்கிற சாக்கில் கீரை ஆய்ந்தாள். கீரையை ஆய்ந்தவள் அதைக் கடைந்தாள். கடைந்தவள், பக்கத்திலேயே கொதித்துக்கொண்டிருந்த அப்பாவின் சாம்பாரை ருசி பார்த்துவிட்டு லோங்காங் சாக்கடையில் கொட்டினாள். "இவருகூட இத சாப்பிட மாட்டாரு" என்றாள். புத்தாண்டு பிறந்து பள்ளி திறந்த முதல் நாள், என் பின்னல் கோணலாக இருக்கிறதென்று தலையில் ஒரு குட்டு வைத்து, "மாடு மேய்க்கப் போறியா, ஸ்கூலுக்குப் போறியா?" என்று திட்டினாள். நான் சந்தோஷத்தில் அழுதுகொண்டே பள்ளிக்குப் போனேன். அது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம், ஏன் அழுகிறாய் என்று கேட்டீர்கள், வயிற்று வலி என்றேன்.

பொங்கலுக்குச் சித்தப்பா மறுபடி வந்தார். தோங்கை எட்டிப் பார்த்து, "நல்லா கொழுத்துட்டான். பூசம் முடிஞ்சதும் காரமா ஒரு பெரட்டல் போட்டுருங்கண்ணி" என்றார்.

"அவர் மேல கைய வெச்சீங்கன்னா உங்களுக்கு இந்த வீட்டுல சோறு கெடையாது" என்றாள் அம்மா.

"என்னாண்ணி, நண்டுக்கு இவ்ளோ மரியாதையா?"

"இவரும் இந்த வீட்டுல வெரதம் இருக்காரு. அண்ணன எப்படிக் கூப்புடுறீங்களோ அப்படியே கூப்புடுங்க."

அப்பா சாமி அறைக் கதவருகில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

பூசத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது இவர் வளையின் வாயை உள்ளேயிருந்து மண்ணால் அடைத்துக்கொண்டார். வாழைப்பழம் அப்படியே கறுத்தது. அம்மா காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை கேட்பாள். "இவரு வந்தாரா?" முதல் நாள் சாதாரணமாகக் கேட்டாள். நான்காம் நாள் கேட்டபோது குரல் இறங்கியிருந்தது. ஏழாம் நாள் கேட்கவே இல்லை, மறுபடியும் சமையற்கட்டுப் படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அப்பா அதைப் பார்த்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா பக்கத்து வீட்டு அக்காவோடு பாசாருக்குப் போன நேரம். அப்பா தோங்கின் முன்னால் குந்தி, மண்ணுக்குள் கையை விட்டுத் துழாவினார். நான் பக்கத்தில் நின்றேன். ஓடும், மயிர்க் கால்களும், பெரிய கொடுக்கும் ஒன்றாக அவர் கையோடு வந்தன. தூக்கியபோது கனமே இல்லை. பின்பக்கம் பிளந்திருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் கூடு.

"எறும்பு தின்னுருச்சு" என்றார் அப்பா. நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்து இறங்கியது. "மறுபடியும் ஒண்ணு செத்துப் போச்சுன்னு அவகிட்ட என்னால சொல்ல முடியாதும்மா. என்னால முடியாது."

கூட்டைத் திரும்பவும் மண்ணுக்குள்ளேயே வைத்தார். தோங்கின் மண்ணை உடையாமல் பெரிய பெரிய கட்டிகளாக எடுத்துச் சாக்கில் போட்டு, சைக்கிளில் கட்டி, என்னையும் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு பினாங்கு ஆற்றங்கரைக்குப் போனார். நீப்பாப் பனைப் புதர் நிழலில், சேறு ஈரமாக இருந்த இடத்தில் சாக்கை மெதுவாகச் சாய்த்தார். ஒரு கட்டியின் உடைந்த ஓரத்தில், தோலுரித்த ரம்புத்தான் போல வெளுத்து மெத்தென்று ஏதோ தெரிந்தது. அழுகிய சதை என்று நினைத்துக்கொண்டேன். அப்பா "பாக்காதம்மா" என்று என் கண்ணை மூடினார். பிறகு அதன் மேல் மண்ணையும் இலைகளையும் அள்ளிப் போட்டு மூடிக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

அம்மா வந்து காலித் தோங்கைப் பார்த்தாள்.

"போயிட்டாரு" என்றார் அப்பா. "தோங்க சாச்சிட்டு, லோங்காங் வழியா ஆத்துப் பக்கம் போயிட்டாரு. மண்ண நான்தான் வாரிக் கொட்டுனேன்."

அம்மா அவரையே பார்த்தாள். விரதத்தில் பாயாசத்துக்குக்கூடப் பொய் சொல்லாத மனிதர். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ பாத்தியா?"

"பாத்தேம்மா. வேகமா போனாரு."

அம்மா மூச்சை விட்டாள். "போகட்டும். அவருக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கும்ல" என்று சொல்லிவிட்டு முக்காலியை எடுத்து உள்ளே வைத்தாள். அரிசி களையப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் படியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்து நான் கண்டதில்லை.

அந்தப் பூசத்துக்கு அப்பா காவடி எடுத்தார். படியேறும்போது முழு வழியும் அழுதார். பக்தி என்றார்கள் பார்த்தவர்கள். அடுத்த வருடம் மார்கழியில் அம்மா காவடியை இறக்கித் துடைத்து வைத்தபோது, "முடியாதுடி, விட்டுரு" என்றார். அவ்வளவுதான். என்னிடம் மட்டும், ஃபெர்ரியில் இரண்டு பேரும் வந்துகொண்டிருந்தபோது, கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வெரதத்துல பொய் சொல்லிட்டு அதத் தூக்கிட்டேம்மா. சாமிக்குத் தெரியும். இந்தத் தோளுக்கு இனிமே அந்தத் தகுதி இல்ல. அம்மாகிட்ட சொல்லிராத, அவளுக்கு நண்டு உயிரோட இருக்கட்டும்." நான் சொல்லவில்லை. பத்து வயதில் கொடுத்த வாக்கு, கல்யாணம் ஆகியும் காப்பாற்றினேன், அப்பா போன பிறகும் காப்பாற்றினேன். ஒவ்வொரு பூசத்துக்கும் அப்பா ரதத்துக்குத் தேங்காய் உடைப்பார், மற்றவர்களின் காவடி போவதை ஓரமாக நின்று பார்ப்பார். வீட்டுக்கு வந்ததும் அம்மா யாரோடும் பேசாமல் படுத்துக்கொள்வாள். கூட்டத்தில் நின்ற களைப்பு என்று நான் நினைத்தேன்.

இப்போது அம்மாவுக்கு எண்பத்தாறு. என்னோடுதான் இருக்கிறாள். என் மகன், வயது முப்பத்தைந்து, பெண் பார்க்கலாமா என்றால் பேச்சை மாற்றுகிறவன், போன வருடம் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்து ஹாலில் வைத்தான். உள்ளே தரை நண்டு. அதே வகைதான், பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இப்போது இதை வளர்க்கிறவர்களுக்கென்று குழுவெல்லாம் இருக்கிறதாம். முழங்கை ஆழத்துக்கு ஈரமண், நல்ல தண்ணீர் ஒரு கிண்ணம், உப்புத் தண்ணீர் ஒரு கிண்ணம், ஏறி வந்துவிடாமல் பூட்டுப் போட்ட மூடி. எங்களுக்குத் தெரியாதது எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது.

சில மாதம் கழித்து அது மண்ணுக்குள் போய் வாயை அடைத்துக்கொண்டது. இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு கரண்டியை எடுத்துக்கொண்டு பெட்டியைத் திறக்கப் போனேன்.

"தோண்டாதீங்கமா" என்று ஓடி வந்தான் மகன். "செத்துப் போகல லா. ஓட்ட மாத்துது. ஒரு மாசம், ரெண்டு மாசம்கூட உள்ளயே இருக்கும். நெறைய பேரு செத்துருச்சுன்னு நெனச்சுத் தூக்கிப் போட்டுர்றாங்க."

"கூடு மட்டும் கெடந்தா? உள்ள ஒண்ணும் இல்லாம?"

"அது பழைய ஓடுமா. ஆளு பக்கத்துலயே இருப்பாரு. வெள்ளையா, மெத்துன்னு."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "மண்ணு கட்டியோட ஆத்தங்கரையில விட்டிருந்தா?" என்று கேட்டேன்.

"ஈரமா, நெழலா இருந்துச்சா?"

"இருந்துச்சு. மேல எலையெல்லாம் போட்டு மூடியிருந்துச்சு."

"அப்ப பொழச்சிருக்கும்மா" என்றான். பிறகு, விவரம் தெரிந்தவன் அல்லவா, "பொழச்சிருக்கலாம்" என்று திருத்தினான்.

எனக்கு அழுகை வந்தது. அப்பாவுக்காக வந்தது. போயிட்டாரு, ஆத்துப் பக்கம் போயிட்டாரு என்று அவர் சொன்னதில் பொய் என்பது கொஞ்சம்தான், அது தானாகப் போகவில்லை, அவரே கொண்டுபோய் விட்டார் என்பது ஒன்றுதான். அதற்காக முப்பத்தைந்து வருடம் ஓரமாக நின்றுவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

அன்று சாயங்காலம் அம்மாவின் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கூடு, சாக்கு, ஆற்றங்கரை, நான் சொன்ன பொய், அப்பா சொன்ன பொய், ஃபெர்ரியில் அவர் சொன்னது. நண்டு பிழைத்திருக்கலாம் என்று சொன்னதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

"அதுக்கா காவடிய விட்டாரு?" என்றாள்.

"ஆமாம்மா."

"நெசமாவா?"

"ஏம்மா, நீ என்னா நெனச்ச?"

அம்மா கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுக்கப்புறம் எனக்குப் புள்ளையே தங்கல இல்ல. இவளுக்காக வேண்டிப் பிரயோசனம் இல்லன்னு விட்டுட்டாருன்னு நெனச்சேன். ஒவ்வொரு பூசத்துக்கும் அவரு அங்க ஓரமா நிக்கிறதப் பாக்குறப்ப அதத்தான் நெனப்பேன். கேக்கப் பயமா இருந்துச்சு."

ஐம்பத்தைந்து வருடம் நான் பெருமையாகக் காப்பாற்றிய வாக்கு இவ்வளவு செய்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"என்கிட்ட சொல்ல முடியாதுன்னு சொன்னாருன்னியே. எப்படிச் சொன்னாரு?"

"மறுபடியும் ஒண்ணு செத்துப் போச்சுன்னு அவகிட்ட என்னால சொல்ல முடியாதும்மா, என்னால முடியாதுன்னாரு."

"ரெண்டு தடவ சொன்னாரா, முடியாதுன்னு?"

"ரெண்டு தடவ சொன்னாரும்மா."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள். "அவரு சொன்ன மாதிரியே, மெதுவா சொல்லு."

சொன்னேன்.